ஏறாத விமானம்
(அத்தியாயம் பதினொன்று)

போன வாரம் மருமகளின் கைபேசி அடித்ததோடு விட்டிருந்தோம். கூப்பிட்டது அவள் கணவன் சிப்பாய்தான். ஏழு நாள் விடுப்பு கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பம். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் முகாமின் தொலைபேசி அறுந்துபோனது.

ஏழு நாள் என்றதும் வீடு துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. மலை முகாமிலிருந்து வீட்டுக்கு ரயிலில் இரண்டரை நாள். வர இரண்டரை, போக இரண்டரை. மிச்சம் இரண்டே நாள், அதிலும் பாதி தூங்கியே தீர்ந்துவிடும். எட்டு மாதக் குழந்தை அவனிடம் ஒட்டிக்கொள்வதற்குள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். அந்தக் குழந்தையைச் சிப்பாய் இன்னும் ஒரு தடவைகூடக் கையில் வாங்கியதில்லை.

விமானத்தில் வந்தால் மூன்றரை மணி நேரம்.

ஆகவே இந்த வாரம் முழுக்க டிக்கெட் கதைதான். படிக்கிறவர்களில் யாராவது படைவீரர் சலுகையில் விமான டிக்கெட் எடுக்க முயன்றிருந்தால், அடுத்த ஒரு பக்கத்தைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். அந்த அவஸ்தை அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

*

மருமகளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் விளக்கும் கண்ணாடியுமாகப் பளபளக்கும். அவள் இடம் பின்னறை. ஃபிரேமின் அளவுக்கு லென்ஸை உரசித் தரும் இயந்திரத்தின் முன்னால் ஒரு முக்காலி, பக்கத்தில் ஒரு தண்ணீர் வாளி. ஒரு மயிரிழை கூடினால் லென்ஸ் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். ஏழு வருடமாக இதையே செய்து, எது எதில் பொருந்தவில்லை என்று பார்க்கிற கண் அவளுக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஒரு லென்ஸுக்கும் அடுத்த லென்ஸுக்கும் நடுவில், விமானக் கம்பெனியின் பக்கத்தைக் கைபேசியில் திறந்தாள். ‘படைவீரர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டாள்.

விலை ஏறியது.

டிக்கை எடுத்தாள், விலை இறங்கியது. மறுபடியும் போட்டாள், ஏறியது.

“முதலாளி, சலுகைன்னா விலை குறையணும்தானே?”

“எனக்கும் அப்படித்தான் தெரியும்” என்றார் கடை முதலாளி. “ஆனா வாசல்ல பாதி விலைன்னு போர்டு மாட்டினவன் நான். என்னைப் போய்க் கேக்கிறியே.”

பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்ததில் விஷயம் புரிந்தது. சலுகையை அவர்கள் கழிப்பது எல்லோரும் வாங்குகிற விலையிலிருந்து அல்ல. யாருமே வாங்காத, வானத்தைத் தொடும் ஒரு முழு விலையிலிருந்து. அதில் பாதியைக் கழித்தாலும் சாதாரண டிக்கெட்டைவிட அதிகமாகத்தான் வரும்.

சரி, தொலையட்டும், சாதாரண டிக்கெட்டே எடுக்கலாம் என்று பார்த்தால், வெள்ளிக்கிழமை விமானத்தில் சாதாரண இருக்கை ஒன்றுகூட இல்லை. காத்திருப்போர் மட்டும் முப்பத்தொரு பேர். மிச்சம் இருந்தவை படைவீரர்களுக்கென்று ஒதுக்கிய மூன்று இருக்கைகள். அவற்றையும் இன்று மாலை ஐந்து மணிக்குப் பொதுவில் விட்டுவிடுவார்களாம், அந்த முப்பத்தொரு பேருக்கு.

ஆக, அந்த மூன்றில் ஒன்றை ஐந்து மணிக்குள் பிடித்தாக வேண்டும்.

சிப்பாயின் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது பக்கம். முகாமில் அட்டையைப் படம் எடுத்தால் தண்டனை. உதவி எண்ணைக் கூப்பிட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. அப்புறம் இசை. அந்த இசையிலேயே நான்கு லென்ஸ் உரசி முடித்தாள். ஐந்தாவதில் ஒரு நிஜ மனிதர் வந்தார்.

“படம் வேண்டாம் மேடம். படை எண்ணை அடிச்சாலே போதும்.”

“இதை முதல்லயே அந்தப் பக்கத்துல எழுதியிருக்கலாமே?”

“எழுதியிருக்கு மேடம். டிக்கெட் எடுத்ததுக்கு அப்புறம் வர்ற பக்கத்துல.”

எண்ணை அடித்தாள். ஒரு சக்கரம் சுற்றி நின்றது. சிவப்பில் ஒரு வரி வந்தது.

‘இந்த எண்ணுக்கு இந்த ஆண்டுக்கான நான்கு பயணங்களும் முடிந்துவிட்டன.’

மருமகள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

சிப்பாய் கடைசியாக வீட்டுக்கு வந்தது பதினேழு மாதத்துக்கு முன்பு. அப்புறம் பிரசவத்துக்குக்கூட விடுப்பு கிடைக்கவில்லை. அப்படியிருக்க, இந்த ஒரு வருடத்தில் நான்கு தடவை பறந்தது யார்? எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள்?

அவளுக்கு முதலில் வந்தது ஆவல்தான். பயம் வந்தது அதற்கு அப்புறம்.

*

முகாமில் கைபேசிக்குத் தடை. மதியம் ஒரு மணிக்கு வரிசையில் நின்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம். சரியாக ஒன்று ஐந்துக்கு அழைப்பு வந்தது.

“டிக்கெட் ஆச்சா?”

“நீங்க எப்ப விமானத்துல போனீங்க?”

“எந்த விமானம்?”

“நாலு வாட்டி போயாச்சாம். கம்ப்யூட்டர் சொல்லுது.”

“கம்ப்யூட்டருக்கென்ன, அது பாட்டுக்குச் சொல்லும். நான் மலையை விட்டுக் கீழ இறங்கினதே ரெண்டு வாட்டி. அதுவும் பல்லு பிடுங்க.”

“அப்ப யாருதான் போனது?”

அந்தப் பக்கம் வரிசையில் யாரோ இருமி ஓய்வது கேட்டது.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

சொன்ன விதம் பொருந்தவில்லை. தெரியாதவன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான்.

“என்னங்க, எதையோ மறைக்கிறீங்க.”

“ஐயோ, பின்னாடி பதினேழு பேர் முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பாப்பா என்ன பண்றா? நீ அனுப்பின போட்டோ இன்னும் சட்டைப் பையிலதான் இருக்கு. மஞ்சத் தொப்பி போட்டது. மடங்கி மடங்கி ஓரமெல்லாம் கிழிஞ்சுபோச்சு.”

“மஞ்சத் தொப்பி போட்டோவா? அதை நான் அனுப்பவே இல்லையே?”

தொலைபேசி அறுந்தது.

மஞ்சள் தொப்பிப் படத்தில் இரண்டே பிரதிகள்தான் போட்டார்கள். ஒன்று அலமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. இன்னொன்று மார்ச் மாதம் காணாமல் போனது. அதற்காக வீட்டைத் தலைகீழாகப் புரட்டியது நினைவிருக்கிறது.

மருமகள் மேல்கோட்டைக் கழற்றி மாட்டினாள். “முதலாளி, இன்னிக்கு அரை நாள்.”

“புருஷன் வரப்போறானா?”

“அதைத்தான் கண்டுபிடிக்கப் போறேன்.”

*

விமானக் கம்பெனியின் நகர அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. ஆறு கவுன்ட்டர், ஒன்றில் மட்டும் ஆள். அந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை அதை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

“நாலும் முடிஞ்சுதான் இருக்கு. சிப்பாய்க்கும் அவரைச் சேர்ந்தவங்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு நாலு. ஒரு வழிக்கு ஒண்ணு.”

“சேர்ந்தவங்கன்னா?”

“மனைவி, அப்பா, அம்மா. உங்களுக்கெல்லாம் கார்டு வந்திருக்குமே?”

வந்தது. இரண்டரை வருடத்துக்கு முன்னால் தபாலில் மூன்று கார்டுகள் வந்தன. தன்னுடையதை மருமகள் பீரோவில் வைத்தாள். மாமியார் தையல் மெஷின் டிராயரில் போட்டார். மாமனார் என்ன செய்தார் என்பதைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கவரைக்கூடப் பிரிக்காமல், எல்லோரும் பார்க்க, குப்பைக்கூடையில் எறிந்தார்.

மாமனாரை லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருட லிஃப்ட் மெக்கானிக். தன் கம்பெனியிலேயே மகனுக்கும் வேலை பேசி, சேர வேண்டிய நாளைக்கூடக் குறித்து வைத்திருந்தார். அந்த நாளுக்கு முந்தின வாரம் மகன் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் படையில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. வீட்டில் அவன் பேச்சை எடுக்க வேண்டியிருந்தால், மனைவியிடம் ‘உன் பையன்’ என்பார், மருமகளிடம் ‘உன் வீட்டுக்காரன்’ என்பார். போன விடுப்பின்போது அந்தப் பத்து நாளும் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, மகன் கண்ணில் படாமலே தப்பித்தவர்.

“யாரு போனாங்கன்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டாள் மருமகள்.

“பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா. ரூல்.”

கண்ணாடி மறுபடியும் சரிந்தது. மருமகளால் பொறுக்க முடியவில்லை.

“அதை இப்படிக் குடுங்க. இடது காதுல திருகு லூஸா இருக்கு.”

கைப்பையில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அரை நிமிடத்தில் முறுக்கி, மூக்குப் பட்டையையும் லேசாக வளைத்துக் கொடுத்தாள். கவுன்ட்டர் அம்மா போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். விழவில்லை.

“மூணு மாசமா இதோட மல்லுக்கட்டுறேன்” என்றார். குரல் இளகியிருந்தது. “பேருதான் சொல்லக் கூடாது. தேதி சொன்னா தப்பில்ல. மார்ச் பன்னெண்டு, இங்கிருந்து அங்க. மார்ச் பதினாறு, அங்கிருந்து இங்க... இருங்க, இருங்க. இந்தப் பதினாறாம் தேதி டிக்கெட்டுல ஆள் ஏறவே இல்லையே!”

“ஏறலைன்னா?”

“ஏறலைன்னு ஒரு குறி போட்டிருக்கு. டிக்கெட் எடுத்தவர் ஆறு மாசத்துக்குள்ள கார்டோட நேர்ல வந்து, நான் பயணிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, அந்த ஒண்ணு திரும்பக் கிடைக்கும். மத்த ரெண்டும் ஒழுங்கா போயிட்டு வந்தது. அதுல ஒண்ணும் பண்ண முடியாது.”

“ஒண்ணு கிடைச்சா அவர் வந்துருவாரே!”

“வந்துருவார். ஆனா அஞ்சு மணிக்குள்ள. இப்ப ரெண்டே கால்.”

மார்ச் பன்னிரண்டு. மருமகளின் மனதில் அந்த வாரம் ஒவ்வொன்றாக ஓடியது. லிஃப்ட்காரர் கம்பெனிப் பயிற்சி என்று ஒரு பெட்டியோடு வெளியூர் போன வாரம் அது. நாலு நாள் என்று சொல்லிவிட்டு எட்டாம் நாள் வந்தார். மூக்கு தோல் உரிந்து, உதடு வெடித்திருந்தது. கேட்டதற்கு, பயிற்சி அறையில் ஏசி ரொம்ப ஜாஸ்தி என்றார். படம் காணாமல் போனதும் அதே வாரம்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அவர் ஆம்பளையா, பொம்பளையா?”

கவுன்ட்டர் அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆள்காட்டி விரலால் தன் மேலுதட்டை இடப் பக்கம் ஒரு தடவு, வலப் பக்கம் ஒரு தடவு தடவிவிட்டு, திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். விதி மீறப்படவில்லை.

*

ஆறு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் வாசலில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ பலகை. நான்காம் மாடியில் கதவைத் திறந்து, குறுக்கே ஒரு சங்கிலி கட்டியிருந்தது. மருமகள் சங்கிலிக்கு இப்பால் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்ற கூண்டின் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் லிஃப்ட்காரர். நெற்றியில் விளக்கு, சட்டைப் பையில் டெஸ்டர்.

“மாமா!”

விளக்கு மேலே திரும்பி அவள் கண்ணைக் கூசவைத்தது. “நீ எங்க இங்க? பாப்பாவுக்கு என்ன?”

“பாப்பா நல்லா இருக்கா, அத்தைகிட்ட. மாமா, மார்ச் மாசம் உங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்களே, அது எந்த ஊர்ல?”

ஸ்பேனர் எதிலோ இடித்தது. அந்தச் சத்தம் ஆறு மாடிக்கும் போய்த் திரும்பி வந்தது. லிஃப்ட் குழிக்குள் பேசுகிற எதுவும் ரகசியமாக இருக்காது என்பது மருமகளுக்குத் தெரியாது. ஐந்தாம் மாடியில் தட்டச்சு ஓசை நின்றுபோயிருந்தது.

“அதுக்கு இப்ப என்ன?”

“அன்னிக்கு உங்க பேர்ல ஒரு விமான டிக்கெட் இருக்கு. முகாம் இருக்கிற ஊருக்கு.”

“எவனாவது என் கார்டை எடுத்துட்டுப் போயிருப்பான். நான் அதைத் தூக்கி எறிஞ்சதை நீயே பார்த்தியே.”

“குப்பைக்குப் போன கார்டை வெச்சுக்கிட்டு வேற ஆள் ஏற முடியுமா மாமா? அதுல உங்க போட்டோதானே இருக்கு?”

லிஃப்ட்காரர் ஒரு கம்பியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“நான் சண்டைக்கு வரல மாமா. நீங்க போனது எனக்கு...” மருமகள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல. ஆனா திரும்பி வர்ற விமானத்துல நீங்க ஏறலையாம். அதை எழுதிக் குடுத்தா, அந்த இடம் அவருக்குக் கிடைக்கும். அஞ்சு மணியோட முடிஞ்சுபோயிரும். இல்லேன்னா அவர் ரயில்லதான் வரணும். பாப்பாவை ரெண்டே நாள்தான் பார்ப்பார்.”

விளக்கு அணைந்தது. இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் அந்தக் கவுன்ட்டர் அம்மாவுக்கும்தான்.”

“எங்களுக்கும் தெரியும் சார்!” என்று ஐந்தாம் மாடியிலிருந்து யாரோ சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் ‘ஷ்’ என்றார்.

“ஆளைப் பாதியில விட்டுட்டுப் போனாலும் போகலாம், லிஃப்டை விட்டுட்டுப் போக முடியாது” என்றார் லிஃப்ட்காரர். “நீ கிளம்பு.”

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது என்று மருமகளுக்குத் தெரியும். இறங்கினாள். படி இறங்க இறங்க அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன. இவ்வளவு தூரம் பறந்து போகத் தெரிந்த மனுஷனுக்கு நாலு மாடி இறங்கி வரத் தெரியவில்லையே!

*

நாலே கால் மணிக்கு மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமான அலுவலகத்துக்கு வந்தார். குழந்தைக்குப் பால் நேரம், மருமகள்தான் வரச் சொல்லியிருந்தாள். மூலையில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டே, நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

மாமியார் துணி தைத்து, அளவு மாற்றித் தருகிறவர். வேலை நேரத்தில் வாயில் குண்டூசி கவ்விக் கவ்வி, வாயை மூடியே பழகியவர். இப்போதும் மூடித்தான் இருந்தார்.

“உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையா அத்தை?”

“வயசானா எதுவும் ஆச்சரியமா இருக்கிறதில்ல.”

“அது சரி, மத்த ரெண்டு வாட்டி போனது யாரா இருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாமியார், பேத்தியின் காலுறையை இழுத்துவிட்டபடி.

இதே சொல்லை, இதே தாமதத்தோடு, இன்றைக்கு எங்கேயோ கேட்டோமே என்று மருமகளுக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. நாலு நாற்பது. கவுன்ட்டர் அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நாலு ஐம்பதுக்கு மாடிப்படியில் கனத்த செருப்புச் சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். கை முழங்கை வரை கிரீஸ். நெற்றி விளக்கைக் கழற்ற மறந்திருந்தார். மனைவி அங்கே நிற்பதைப் பார்த்ததும் கால் ஒரு கணம் தயங்கியது. திரும்பிப் போய்விடுவாரோ என்று மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் யாரையும் பார்க்காமல் நேராகக் கவுன்ட்டருக்குப் போய், கருவிப் பையின் அடியிலிருந்து ஒரு கார்டை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு கீறல் இல்லாமல் புதிதாக இருந்தது.

“எங்க எழுதணும்?”

கவுன்ட்டர் அம்மா படிவத்தை நீட்டினார். பெயர், உறவு, தேதி. எல்லாவற்றையும் மளமளவென்று எழுதினார். ‘பயணிக்காததற்குக் காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“இது கண்டிப்பா எழுதணுமா?”

“காலியா விடக் கூடாது சார்.”

அவர் குனிந்தார். எழுதினார். நிறுத்தினார். மறுபடியும் எழுதினார். கிரீஸ் விரல்கள் காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாகப் பதிந்தன. முடித்ததும் படிவத்தைத் தள்ளிவிட்டு, சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கவுன்ட்டர் அம்மா அதைப் படித்துப் பார்த்துத்தான் கணினியில் ஏற்ற வேண்டும். வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் வேறு.

“‘மகன் மேலே காவலுக்குப் போயிருந்தான். இன்று இறங்குவான், நாளை இறங்குவான் என்று நான்கு நாள் முகாம் வாசலில் நின்றேன். விமானம் போய்விட்டது. அதற்கு அப்புறமும் அவன் இறங்கவில்லை. குழந்தையின் படத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ரயிலில் வந்தேன்.’”

படித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சார், இவ்வளவெல்லாம் வேண்டாம். சொந்தக் காரணம்னு எழுதினாலே போதும்.”

“அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானேம்மா!” என்றார் லிஃப்ட்காரர்.

மருமகள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டரை வருடமாக ‘உன் பையன்’, ‘உன் வீட்டுக்காரன்’ என்று சுற்றி வளைத்த மனிதர், அந்தக் கோணல் கையெழுத்தில் ‘மகன்’ என்று எழுதியிருக்கிறார்.

சக்கரம் சுற்றியது. நாலு ஐம்பத்தேழு. பச்சையில் ஒரு வரி வந்தது. அச்சுப் பொறி கிறீச்சிட்டு ஒரு காகிதத்தைத் துப்பியது.

“வெள்ளிக்கிழமை. இங்க இறங்குறது பகல் பதினொரு மணி” என்று நீட்டினார் கவுன்ட்டர் அம்மா. “வர்றதுக்கு மட்டும்தான்.”

“திரும்பிப் போறதுக்கு?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

“அதுக்கு மிச்சம் இல்லையே சார். மத்த ரெண்டும் மே மாசமே முடிஞ்சிருச்சு. ஒழுங்கா போய், ஒழுங்கா வந்திருக்காங்க, உங்களை மாதிரி இல்லாம.” சந்தோஷத்தில் அந்த அம்மாவுக்கு விதி மறந்துபோயிற்று. திரையைப் பார்த்து அப்படியே படித்துவிட்டார். “உறவு, தாயார்.”

குழந்தை மட்டும் ஏப்பம் விட்டது.

மே மாதம். மாமியார் தன் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்த மாதம். வந்ததும் ஒரு வாரம் இருமினார். அக்கா வீட்டில் ஒட்டடை அதிகம் என்றார்.

லிஃப்ட்காரர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“உன் அக்காவுக்கு முழங்கால் இப்ப எப்படி இருக்கு?”

“நல்லா நடக்கிறா” என்றார் மாமியார். “உங்க பயிற்சி எப்படி இருந்துச்சு?”

லிஃப்ட்காரர் மறுபடியும் சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்தார்.

“அவனை நான் பார்த்துட்டேங்க” என்றார் மாமியார். குரல் கொஞ்சம் உடைந்தது. “மெலிஞ்சிருக்கான். நான் வந்ததைச் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியில வாசல்ல காவலுக்கு நின்ன ஆள் ஒரு கதை சொன்னாரு. மார்ச் மாசம் நாலு நாள் ஒரு மனுஷன் குளிர்ல நின்னாராம். சட்டைப் பையில டெஸ்டராம். டீ குடுத்தா வேண்டாம்னாராம். யாருன்னு கேட்டா, லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தேன்னாராம். அங்க எல்லாமே ஒத்தை மாடிக் கொட்டகை.”

“அப்ப மே மாசத்துலேர்ந்தே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் நெற்றியில் விளக்கு இருப்பது தெரிந்து கழற்றினார். கையில் வைத்து அதை உருட்டிக்கொண்டே இருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று அவர் தடுமாறுவது எல்லோருக்கும் தெரிந்தது.

“நின்னது யாருன்னு அவனுக்குத் தெரியுமா?”

மருமகளுக்கும் அதே கேள்விதான். படத்தை நீ அனுப்பினாய் என்றானே, தெரியாமல் சொன்னானா, தெரிந்தும் சொன்னானா?

மாமியார் பேத்தியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“அதை நீங்கதான் அவன்கிட்ட கேக்கணும்.”

லிஃப்ட்காரர் கைகளைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு டிக்கெட்டை வாங்கினார். விமானம் இறங்கும் நேரத்தை ஒரு தடவை படித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்து இன்னொரு தடவை படித்தார்.

“வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லணும்” என்றார்.